சயாம் ரயிலுக்குப் போன தாத்தாவைத் தேடி

என் தாத்தா மலாயாவில், பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இரண்டாம் உலகப் போரில், ஜப்பான்காரன் காலத்தில், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. எங்கே, எப்போது இறந்தார் என்று தெரியாமலே பாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்கு எண்பது தாண்டிய பிறகுதான் நான் தேடக் கிளம்பினேன்.

தாய்லாந்தில் அந்தப் பாதை போன காஞ்சனபுரியின் போர்க் கல்லறைக்குப் போனேன். ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் இருக்கின்றன. அந்தப் பாதையில் இறந்த போர்க்கைதிகள் 12,000-க்கு மேல். தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்களும் மற்ற ஆசியத் தொழிலாளர்களும் அதைவிடப் பல மடங்கு இறந்தார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த வரிசை எதுவும் இல்லை. வயிறு எரிந்தது. அந்த ஊரின் குவாய் ஆற்று ரயில் பாலத்துக்கு அருகே ஜப்பானியர்கள் 1944-இல் கட்டிய நினைவுத் தூணின் மதிலில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதிலும் ஆட்களின் பெயர் கிடையாது.

சரி, மிச்சம் இருப்பது ஆட்களின் ஞாபகம்தான். தாத்தாவின் தங்கை, எங்கள் அத்தைப் பாட்டி, இன்னும் தெளிவாகப் பேசுவார். வருடம் கேட்டால் மட்டும் "அது யாருக்குய்யா தெரியும்" என்பார். அதனால் வீட்டு நடப்பை வைத்துக் கேட்டேன். அண்ணனை லாரியில் ஏற்றியபோது அப்பா எப்படி இருந்தார்?

"ஒங்கப்பன் அப்பத்தான் குப்புற விழுந்தான். அண்ணன் தூக்கிப் பாத்துட்டுப் போச்சு."

அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் 1943 ஜனவரி. குப்புற விழ நாலைந்து மாதம் ஆகும், ஆக மே அல்லது ஜூன். பாதையைச் சீக்கிரம் முடிக்க மலாயாவிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போன காலம் அது. மழையும் காலராவும் முகாம்களைப் பிடித்ததும் அப்போதுதான். கூடப் போய்த் திரும்பிய ஒருவர், "நிக்கியில வாந்திபேதி, அங்கயே எரிச்சுட்டாங்க" என்று சொன்னாராம். பாட்டி அதை நம்பாமல் காத்திருந்தார். அத்தைப் பாட்டிக்கு அந்த ஊர்ப்பெயர் மறக்கவில்லை. முகாம் பட்டியலில் பார்த்தேன்: நீக்கே, பர்மா எல்லையிலுள்ள மூன்று பகோடாக் கணவாய்க்குப் போகும் வழியில். 1943 மே மாதம் அங்கே காலரா பரவியது பதிவாகியிருக்கிறது. அவர்தானா என்று நிரூபிக்க ஒரு தாளும் இல்லை. எனக்கு இது போதும். அந்தப் பக்கத்துப் பாதையின் நீண்ட பகுதியை, பிற்பாடு கட்டிய அணையின் நீர்த்தேக்கம் மூடிவிட்டது.

இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுக்கலாம் என்று ஐயர் சொன்னார். அப்பா கொடுத்தார், வாழ்க்கையில் முதல்முறையாக.

இப்போது அதே லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) போன மற்றவர்களின் குடும்பங்களை விசாரித்துவருகிறேன். உங்கள் வீட்டிலும் அந்தக் காலத்து ஆள் இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். யார் கூடப் போனார்கள், யார் திரும்பி வந்தார்கள், வந்தவர் என்ன ஊர்ப்பெயர் சொன்னார் என்று கேளுங்கள். ஊர்ப்பெயரை அவர்கள் உச்சரிக்கிறபடியே எழுதி வையுங்கள்.