அப்பாவின் ரோட்டில், அப்பா பார்க்காத கோத்தகிரி

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். அந்த ரோட்டில் என் அப்பா 26 வருஷம் பஸ் ஓட்டினார். ஓய்வு பெற்று 11 வருஷம் ஆகிறது. இன்னமும் காலை நாலரைக்கு எழுந்து, வாசலில் நின்று மலையைப் பார்த்து, "இன்னிக்கு மேல மூட்டம்" என்றோ "இன்னிக்கு வெளிச்சமா இருக்குது" என்றோ சொல்லிவிட்டுத்தான் காபி குடிப்பார்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் திண்ணையில் உட்கார்ந்து, "தாத்தா, கோத்தகிரி பக்கத்துல கோடநாடு வியூ பாயிண்ட் எப்படி இருக்கும்?" என்று கேட்டான். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நான் பாத்ததில்ல சாமி" என்றார்.

நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. எத்தனையோ ஆயிரம் பேரை அந்த மலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டவர். அவருக்குத் தெரிந்த கோத்தகிரி பஸ் ஸ்டாண்டும், அதன் எதிரில் இருந்த டீக்கடையும், டிரைவர்கள் படுக்கும் அறையும்தான். வண்டியை நிறுத்தி, டீ குடித்து, அரை மணி நேரத்தில் திருப்பி எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். எங்கே போய்ப் பார்ப்பது?

அடுத்த வாரமே, பிப்ரவரி மாதத்து ஒரு புதன்கிழமை, கூட்டிக்கொண்டு போனேன். காரை நான்தான் ஓட்டினேன். கிளம்பும் முன் இ-பாஸ் எடுத்துக்கொண்டேன். 2024 மே மாதத்திலிருந்து வெளி வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய அது வேண்டும். ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை என்பதால் வீட்டு எவர்சில்வர் பாட்டில் இரண்டை நிரப்பி எடுத்துக்கொண்டோம். அந்த பாட்டில்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

விடிவதற்குள் ஏற ஆரம்பித்துவிட்டோம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவின் இடது கை ஒவ்வொரு வளைவிலும் தானாக அசைந்தது, கியர் போடுகிற மாதிரி. "ரெண்டாவதுக்கு வா கண்ணு" என்று நான் யோசிக்கும் முன்பே சொன்னார். மேலிருந்து ஒரு லாரி வேகமாக வந்தபோது மட்டும் முகம் மாறியது. மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும். "எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்கோணும். பிரேக்க நம்பி எறங்குனா பாதி மலையிலயே கருகல் வாசம் வந்துரும்." இதை எனக்கு அவர் சொன்னது இருபதாவது தடவையாவது இருக்கும். மலைக்கு வண்டி எடுத்து வருகிற எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டிய பேச்சு இது.

குஞ்சப்பனையில் பலா மரங்கள் நிறைய. ஜூன், ஜூலையில் பழ வாசத்துக்கு யானைகள் ரோட்டோரம் வரும். அந்த மாதங்களில் கடைசி டிரிப்பில் விளக்கை மங்கலாக்கி, இன்ஜினை ஓடவிட்டு, யானை தாண்டும்வரை முக்கால் மணி நேரம்கூடக் காத்திருப்பாராம். பஸ்ஸில் ஒரு குழந்தைகூட அழாது என்றார்.

அரவேனு வந்ததும் காத்தரின் அருவிக்கு வண்டியைத் திருப்பினேன். கோத்தகிரிப் பக்கம் காபித் தோட்டம் போட்ட காக்பர்ன் என்ற வெள்ளைக்காரரின் மனைவி பெயர் அது. இந்த மலையில் வாழும் படுகர்கள் அதை கெத்தெஹாட ஹள்ளா என்பார்கள், மலையடிவாரத்துப் பள்ளத்து ஆறு என்று அர்த்தம். எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கிறது, இடம் எப்படி இருக்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. உயரம் சுமார் 250 அடி. தேயிலைக்கு நடுவே போகிற பாதையில் நடந்தால் அருவியின் தலைமாட்டுக்குப் போய்விடலாம். ஆனால் தண்ணீர் விழுகிற முழு உயரமும் அங்கிருந்து தெரியாது. அதைப் பார்க்க எதிர்ப்பக்கம் குன்னூரில் டால்பின்ஸ் நோஸுக்குத்தான் போக வேண்டும். பிப்ரவரியில் தண்ணீர் குறைவு. அப்பா பாறைமேல் உட்கார்ந்து, "இது எங்க போகுது?" என்றார். கல்லாற்றில் சேர்ந்து, நம் ஊரில் பவானிக்குப் போகிறது என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் டீயும் வர்க்கியும். வர்க்கியை டீயில் முக்கி எடுக்கிற நேரம் சரியாக இருக்க வேண்டும், ஒரு நொடி கூடினால் கிளாஸுக்குள் விழுந்துவிடும். ஊருக்குப் பெயர் கொடுத்த கோத்தர் பழங்குடிகள் நீலகிரியில் ஏழு ஊர்களில்தான் வாழ்கிறார்கள். மண்பாண்டம், கொல்லர் வேலை, இசை எல்லாவற்றிலும் கைதேர்ந்தவர்கள். அப்பா வண்டியில் அவர்கள் பெரிய கொம்பும் மேளமுமாக ஏறுவார்களாம். "டாப்புல வைக்க மாட்டாங்க, மடியிலயேதான் வெச்சுக்குவாங்க."

கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களாவை ஒரு எட்டு பார்த்தோம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் இந்தப் பக்கமாகத்தான் மலையேறி வந்தார். ஊட்டியில் அவர் கல் வீடு கட்டியது அதற்கும் பிறகுதான். உள்ளே பழைய படங்கள் இருக்கின்றன, அரை மணி நேரம் போதும்.

நான் இந்தப் பதிவை எழுதுவதே அடுத்த இடத்துக்காகத்தான்.

லாங்வுட் சோலை. ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். வனத்துறை அனுமதியோடு, கூட ஒரு வாட்சர் வரத்தான் உள்ளே போக முடியும். 116 ஹெக்டேர்தான் மொத்தமே. சுற்றிலும் தேயிலை, வீடுகள், ரோடு. நடுவில் இது ஒன்று மட்டும் தப்பித்து நிற்கிறது. 2024 ஜனவரியில் இதை ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு காட்டைப் போய் ஏன் ஈரநிலம் என்கிறார்கள் என்று நானும் அப்போது யோசித்தேன். உள்ளே நாலு எட்டு வைத்ததும் புரிந்துவிட்டது.

வெளியே நல்ல வெயில். உள்ளே வெளிச்சம் சட்டென்று பாதியாகிவிட்டது. கழுத்துப்பக்கம் குளிர்ந்தது. மரங்கள் வானளாவ இல்லை, குட்டையாக, கிளை முறுக்கி, தலையோடு தலை இடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு கிளையிலும் பாசி தாடி மாதிரி தொங்கியது. பாசியின் நுனியில் ஒவ்வொரு சொட்டு. மழை பெய்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது, ஆனாலும் சொட்டு. ராத்திரி மூட்டத்தை இலைகளும் பாசியும் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்றார் வாட்சர் அண்ணா.

அவர் குனிந்து தரையிலிருந்து இலைச்சருகை இரண்டு கையாலும் அள்ளினார். மேலே காய்ந்த சருகு, அதற்குக் கீழே கறுத்து மக்கிய சருகு, அதற்கும் கீழே காபித்தூள் மாதிரி மண், அதில் வெள்ளை நூலாக வேர்கள். "கைய நீட்டுங்க ஐயா" என்று அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, "பிழிங்க" என்றார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையின் விரலிடுக்கில் தண்ணீர் வழிந்து மணிக்கட்டில் ஓடியது. அப்பா கையைத் திறந்து பார்த்தார், மறுபடி பிழிந்தார். மறுபடியும் வந்தது.

மழை இந்தச் சருகில் விழுந்தால் ஓடாது, இறங்கும். மண்ணுக்குள் தங்கி, பாறை இடுக்கில் கசிந்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாக வெளியே வரும். சரிவில் கீழே இருக்கிற பல ஊர்களுக்குக் குடிதண்ணீர் இந்தச் சோலையிலிருந்துதான். தேயிலைச் சரிவில் அதே மழை வடிகாலில் விழுந்து, அன்றைக்கே மலையை விட்டு இறங்கிவிடும்.

எங்கேயோ பக்கத்தில் யாரோ கெக்கலித்துச் சிரிக்கிற சத்தம். அப்பா திரும்பிப் பார்த்தார். நீலகிரிச் சிரிப்பான். குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, வயிறு செம்மண் நிறம், கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம். இந்த மலையையும் இதை ஒட்டிய மலைகளையும் தவிர உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. ஒன்று சிரித்தால் புதருக்குள்ளிருந்து இன்னும் நாலு பதில் சிரிக்கிறது. நாங்கள் பத்து நிமிஷம் அசையாமல் நின்றோம். சோலைக்குள் பேசிக்கொண்டே நடந்தால் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது. நின்றால்தான் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது.

வெளியே வந்து எதிர்ச்சரிவுத் தேயிலையைப் பார்த்தபடி அப்பா சொன்னார்: "இருவத்தாறு வருசமா அதத்தான் காடுன்னு நெனச்சுட்டு இருந்தேன் கண்ணு. பச்சையா இருந்தா காடுன்னு நெனச்சேன்."

தேயிலை அழகில்லை என்று நான் சொல்ல மாட்டேன். காலை வெயிலில் அந்தச் சரிவுகள் சீவி வாரிய தலை மாதிரி அவ்வளவு அழகு. எத்தனையோ குடும்பங்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் கோத்தகிரிக்கு வருகிறவர்கள் அதன் நடுவில் நின்று படம் எடுத்துவிட்டு, சோலை இருப்பதே தெரியாமல் இறங்கிப் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு நாள்தான் நேரம் என்றால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் பாருங்கள்.

மத்தியானம் கோடநாடு. கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர் தேயிலைக்குள்ளேயே போகிற ரோடு. கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறியதும் நிலம் காலடியில் அப்படியே முடிந்துவிடுகிறது. கீழே மோயாறு மெல்லிய கோடாக, அதற்கு அப்பால் சத்தியமங்கலம் காடும் மைசூர் பீடபூமியும். ஒரு பக்கம் இருளர்கள் கும்பிடுகிற ரங்கசாமி மலை. காட்டுக்கு நடுவில் வயல் பச்சையாக ஒரு சின்னத் திட்டு. தெங்குமரஹாடா என்றேன்.

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஊரு ஆளுங்க என் வண்டில வருவாங்க."

தெங்குமரஹாடா கோத்தகிரி தாலுகாவைச் சேர்ந்தது. பட்டா, சாதிச் சான்றிதழ் எதுவானாலும் தாலுகா ஆபீஸுக்கு வர வேண்டும். மேலே நின்று கூப்பிட்டால் கேட்டுவிடும் போல இருக்கிறது, ஆனால் நேராக ஏற வழி கிடையாது. பரிசலில் மோயாற்றைத் தாண்டி, காட்டுக்குள் வண்டி பிடித்து பவானிசாகர், அங்கிருந்து மேட்டுப்பாளையம், அப்புறம்தான் அப்பாவின் பஸ். "ஒரு பாட்டி வரும். கூடைல மொளகா, மஞ்சளு ஏதாச்சும் இருக்கும். 'எங்கூரு இந்த மலைக்கு நேர் கீழ சாமி'ன்னு சொல்லும். சும்மா பேச்சுக்குச் சொல்லுதுன்னு நெனச்சேன்." அந்தப் பச்சைத் திட்டையே அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கிளம்பலாம் என்று சொல்லவில்லை.

இறங்கும்போது, குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே, "நிறுத்து" என்றார். ஒரு வளைவின் உள்பக்கம், பாறையில் சொருகிய இரும்புக் குழாயிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பழைய வண்டிகள் ஏற்றத்தில் சூடாகிவிடும். டிரைவர்கள் எல்லோரும் இங்கே நிறுத்தி ரேடியேட்டருக்கு ஊற்றி, தாங்களும் குடிப்பார்களாம். குழாய் சொருகியது யார் என்று யாருக்கும் தெரியாது. அப்பா நிமிர்ந்து ஊற்றுக்கு மேலே சரிவைப் பார்த்தார். மரங்கள் இருந்தன. அவற்றுக்கும் மேலே தேயிலை. இத்தனை வருஷத்தில் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர் மேலே பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

எவர்சில்வர் பாட்டிலைக் குழாயில் பிடித்தார். "அப்பெல்லாம் பத்து எண்ணுறதுக்குள்ள ரொம்பீரும்" என்று சொல்லி எண்ண ஆரம்பித்தார். நானும் கூடவே எண்ணினேன். நாற்பத்து மூன்றில் நிறைந்தது.

"கோடை வருதில்ல, கொறைஞ்சிருக்கும்" என்றேன்.

"அப்பவும் இதே மாசத்துல புடிச்சிருக்கேன்" என்றார்.

கோத்தகிரிப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. தென்மேற்குப் பருவக்காற்றை தொட்டபெட்டா மலை மறித்துவிடும். கார்த்திகை முடிந்து பத்து நாள் கழித்து வந்து மறுபடி எண்ணிப் பார்க்கலாம் என்று அப்பா சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நாள்காட்டியில் டிசம்பர் தாளைப் புரட்டி, ஒரு புதன்கிழமையைச் சுழித்து, பக்கத்தில் 43 என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பாட்டிலை வேறு எதற்கும் எடுக்கக் கூடாதாம்.