குக்: தண்டவாளத்தோரம் ஒரு வெற்றூர்

ஜூலை 8, அடிலெய்டு

போர்ட் அடிலெய்டு ரயில் அருங்காட்சியகத்தில் இன்று 'டீ அண்ட் சுகர்' வண்டியின் கசாப்புப் பெட்டியைப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியில் தண்டவாளத்தை நம்பியே பிழைத்த குடியிருப்புகளுக்கு மளிகை, இறைச்சி, தண்ணீர், சம்பளப் பணம் என அனைத்தையும் 1996 வரை இந்த வண்டிதான் கொண்டுபோய்க் கொடுத்தது; டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தாவும் இதில்தான் வருவாராம்.

ஜூலை 10, குக்

விடிந்தபோது ரயில் ஜன்னலுக்கு வெளியே ஒரு மரமும் இல்லை. நல்லர்பார் என்ற லத்தீன் பெயரின் பொருளே அதுதான். சுண்ணாம்புப் பாறை நிலம். அதன்மேல் சாம்பல் நிறப் புதர்கள். நீரோட ஓர் ஓடைகூடக் கிடையாது.

தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவையும் மேற்கு ஆஸ்திரேலியாவின் கால்கூர்லியையும் இணைக்கும் 1,693 கிலோமீட்டர் பாதை 1917இல் முடிந்தபோது, நீராவி எஞ்சினின் தாகம்தான் பெரும் தலைவலியாக இருந்தது. நிலத்தடி நீரில் இருந்த உப்பு கொதிகலனைக் கெடுத்ததால், வண்டிகள் தமக்கு வேண்டிய தண்ணீரைத் தாமே சுமந்து செல்ல வேண்டியிருந்தது. எஞ்சின்களையும் பாதையையும் பராமரிக்க வந்த கேங்மேன்களும் அவர்களுடைய குடும்பங்களும் சேர்ந்துதான் முன்னாள் பிரதமர் ஜோசப் குக்கின் பெயர் கொண்ட இந்த ஊர் உருவாயிற்று. ஒரு காலத்தில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, நீச்சல் குளம் எல்லாம் இருந்தன. புல்லே முளைக்காத மண்ணில் கோல்ஃப் மைதானமும் இருந்தது என்பதை நினைத்தால் அந்த மனிதர்கள்மீது தனி மரியாதை வருகிறது.

ஊரைக் காலி செய்தது ரயிலின் முன்னேற்றமேதான். 1951இல் டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கியதும் தண்ணீர்க் கவலை தீர்ந்தது. பிறகு தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் சிலிப்பர் கட்டைகளும் இடைவெளியின்றிப் பற்றவைத்த தண்டவாளமும் வந்ததால் கேங்மேன்களின் வேலையும் குறைந்தது. 1997இல் ரயில்வே தனியார் கைக்குப் போனபோது குக் மூடப்பட்டது.

நடைமேடை அருகே இரண்டு சிறை அறைகள் நிற்கின்றன. ஆளொருவர் நீட்டிப் படுத்தால் மிச்சமிருக்காத அளவு. தகரத்தைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்காலக் காலை வெயிலுக்கே சூடேறத் தொடங்கியிருந்தது. இங்கே கடும் கோடையான ஜனவரியில் உள்ளே இருந்தவன் பாடு என்னவாக இருந்திருக்கும்?

ஜூலை 10, இரவு

வண்டி 478 கிலோமீட்டர் நீளமுள்ள நேர்கோட்டுப் பாதையைக் கடந்துவிட்டது. குக்கை வெற்றூர் என்று சொல்ல எனக்கு முழு மனமில்லை, ஏனெனில் எஞ்சினுக்கு எரிபொருள் நிரப்பவும் ஓட்டுநர்கள் மாறவும் வண்டிகள் இன்னும் அங்கே நிற்கின்றன. காலையில் பணி முடிந்த ஓட்டுநர் ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூட்டிக் கிடந்த வீடுகளைத் திரும்பியும் பாராமல் கடந்துபோய், ஓய்வு வீட்டின் வலைக்கதவைத் திறந்து உள்ளே போனார்.