அம்மாவின் பேப்பர் கட்டிங்

அக்டோபர் 5, 2024, சனி

பரணிலிருந்து அம்மாவின் சாக்குப்பையை இறக்கினேன். உள்ளே முழுக்க பேப்பர் கட்டிங், ஜாக்கெட் தைக்கத் துணியின் மேல் வைத்து வெட்டுகிற அளவுக் காகிதங்கள். பழைய நாளிதழில் வெட்டிய முன்பக்கம், பின்பக்கம், கை, பட்டி. ஒவ்வொருவருடைய துண்டுகளும் லைனிங் துணி நாடாவால் தனித்தனியாகக் கட்டியிருந்தன. பெயர் எதுவும் கிடையாது. ‘மாடி வீடு’, ‘பால்கார அம்மா’, ‘டீச்சர் மூத்தவங்க’ என்று நீலப் பேனாவில் அம்மாவின் கோணல் எழுத்து. எண்ணினேன், 63 கட்டு.

தீபாவளிக்கு இன்னும் 26 நாள். போன வருடம் இந்த நேரத்தில் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது, ராத்திரி ஒரு மணிக்கும் மெஷின் சத்தம் கேட்கும். இப்போது மெஷின் உறை போட்டு மூடிக் கிடக்கிறது. அம்மாவுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம், குனிந்து உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதை வைத்து ஏதாவது செய்ய வேண்டும். கல்லூரிக்காக இல்லை, எனக்காக.

அக்டோபர் 7, திங்கள்

கேன்வாஸில் ஃபெவிகால் தடவி இரண்டு துண்டு ஒட்டிப் பார்த்தேன். காய்ந்ததும் பிளாஸ்டிக் மாதிரி பளபளத்தது, பிடிக்கவில்லை. தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவர்களின் வழிக்குப் போனேன். பலகையில் பருத்தித் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, அதன்மேல் சுக்கான் பொடியை, அதாவது சுண்ணாம்புக்கல் பொடியை, பசையில் குழைத்துப் பூசி, காயவிட்டுத் தேய்ப்பார்கள். கல்லும் தங்க ரேக்கும் அதற்கு மேல்தான் வரும். எனக்கு அந்த அடித்தளம் மட்டும் போதும்.

வறுத்த கொட்டையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சினேன். தாத்தாவின் பழைய வேட்டி ஒன்று. 2 அடிக்கு 3 அடி பிளைவுட். தேய்த்து முடித்தபோது விரல் வைத்தால் முட்டை ஓட்டைத் தொடுகிற மாதிரி இருந்தது. அதன்மேல் 20 துண்டு வரை ஒட்டினேன்.

அக்டோபர் 12, சனி

நேற்று ஆயுத பூசை. அம்மா மெஷினைத் துடைத்து சந்தனம், குங்குமம் வைத்தாள். கத்தரிக்கோல்களையும் வரிசையாக வைத்தாள். ஒன்று துருவேறி திறக்கவே வரவில்லை. “இத தூக்கிப் போட்டுடு” என்றாள். நான் போடவில்லை.

துணியில் கையால் சாய ஓவியம் தீட்டுகிற கலம்காரிக்காரர்கள் கறுப்பை இரும்பிலிருந்துதான் எடுக்கிறார்கள். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் போட்டுப் புளிக்கவிடுவார்கள். கடுக்காய் ஏறிய துணியில் அந்த நீர் பட்டால் கறுப்பு பிடிக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்கிற வேலை அது. கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, எங்கள் பக்கத்துக் கலைதான்.

இன்று விஜயதசமி. அந்தக் கத்தரிக்கோல், பழைய கொக்கிகள், ஒரு பிடி துருப்பிடித்த குண்டூசி, எல்லாவற்றையும் பனைவெல்லத் தண்ணீரோடு ஒரு மண்பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டிவிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

மூன்று நாளாக மழை. பலகையின் இடது மூலையில் பூஞ்சை. பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்காமல் விட்டது என் தப்பு. பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி, பூஞ்சை வராமலிருக்க ஒரு சிட்டிகை போடுவார்கள், எனக்குத் தெரிந்தும் போடவில்லை. அந்த மூலையைச் சுரண்டி எடுத்தேன். டீச்சரின் ஒரு கை போய்விட்டது. அதற்கு மாற்றுத் துண்டு கிடையாது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

ஒட்டிய துண்டுகளுக்கு மேல் அக்ரிலிக்கில் அம்மா மெஷினில் உட்கார்ந்திருக்கிற உருவத்தை வரைந்தேன். சாயல் நன்றாகவே வந்தது. ஆனால் கீழே இருந்த காகிதமெல்லாம் செத்துப்போனது, வெறும் பின்னணியாக.

பிக்காசோ 1912-ல் பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த மெழுகுத்துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிக் கயிறு கட்டினார். ஜெர்மன் ஓவியர் குர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட்டை ஒட்டினார். வகுப்பில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்கள் தெருவிலிருந்து ஒரு பொருளை ஓவியத்துக்குள் கொண்டுவந்தார்கள். என்னிடம் இருப்பது அப்படிப்பட்ட பொருள் இல்லை. இது ஏற்கெனவே வரைந்த கோடு. கைக்குழியின் அந்த வளைவை அம்மா ஸ்கேல் இல்லாமல், ஒரே இழுப்பில் வெட்டியிருக்கிறாள். நான் நாலு வருடமாகப் பழகியும் என் கோடு அப்படி நிற்கவில்லை. அதன்மேல் அவள் முகத்தை ஏன் வரைகிறேன்?

பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே துடைத்தேன். போகாத இடத்தில் போகட்டும் என்று விட்டேன்.

சாயங்காலம் மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து மடிப்புகளில் மட்டும் தொட்டு வைத்தேன். ஆரத்திச் சிவப்பு. காய்ந்தால் பழுப்பாகும், வெயில் பட்டால் வெளுக்கும். வெளுக்கட்டும், நாளிதழும் எப்படியும் மஞ்சளாகத்தான் போகிறது.

அக்டோபர் 28, திங்கள்

பானையைத் திறந்தேன், 16 நாள் ஆகிறது. புளித்த வாடை, பழுப்பு நிறத் தண்ணீர். கடுக்காய்ப் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பூசிய காகிதத்தில் ஒரு கோடு போட்டேன். முதலில் சாம்பல், கண்முன்னே கறுப்பானது. ஆனால் ஓரமெல்லாம் ஊறிப் பரவியது. கலம்காரியில் கடுக்காயோடு பால் சேர்ப்பது இதற்காகத்தான். பாலில் குழைத்துப் பூசியதும் கோடு அடங்கி நின்றது.

அளவு நோட்டைப் பார்த்து எண்களை எழுத ஆரம்பித்தேன். மாடி வீடு: உயரம் 14, மார்பு 36, கை 6. பால்கார அம்மா: உயரம் 13½, மார்பு 40. அம்மாவின் கத்தரிக்கோலிலிருந்து வந்த கறுப்பால் அம்மாவின் அளவுகள். நடு ராத்திரி வரை எழுதினேன்.

நவம்பர் 2, சனி

தீபாவளி முடிந்தது. அம்மாவுக்கு முதல்முறையாகக் காட்டினேன். சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகை முன் ரொம்ப நேரம் நின்றாள். ஒவ்வொரு கட்டிங்கும் யாருடையது என்று, எழுத்தைப் படிக்காமலே சொன்னாள். அப்புறம் வலது ஓரத்தைக் காட்டி, “இந்தக் கை திரும்பியிருக்குடி. முன்பக்கக் குழி ஆழமா வரணும், நீ பின்பக்கத்த அங்க வச்சிருக்க” என்றாள்.

பூஞ்சை தின்ற இடது மூலை இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. “இது யாரு?” என்று கேட்டாள். டீச்சர் என்றேன்.

மெஷின் டிராயரைத் திறந்து மார்க்கிங் சாக் ஒன்றை எடுத்தாள். கழுத்தைக் குனியாமல், நின்றபடியே, அந்த வெள்ளை இடத்தில் டீச்சரின் கையை வரைந்தாள். நீல சாக். ஒரே இழுப்பு. “தையலுக்கு அரை இஞ்ச் விட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சாக் கோடு கை பட்டாலே அழியும். மேலே எதையாவது தெளித்தால் நீலம் மங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்றைக்குப் பலகையை யாரும் தொடாத இடத்தில், பீரோ மேல் படுக்க வைத்திருக்கிறேன்.