திரைக்குள் தெரிந்த டியூப் லைட்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 7, சனி

நேற்று இரவுப் படத்தில் கதாநாயகன் இருண்ட கிணற்றுக்குள் கயிறு பிடித்து இறங்கிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே எங்கள் வீட்டு டியூப் லைட் நீளவாக்கில் மிதந்தது. ஓரமாக அப்பாவின் நெற்றி. கிணற்றில் அவன் எதைக் கண்டு அலறினான் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

விளக்கை அணைத்தால் அப்பா செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துவிட்டு, "இருட்டில் உட்கார நாம் என்ன ஆந்தையா?" என்கிறார். போட்டால் படம் போய்விடுகிறது. டி.வி. வாங்கியபோது அங்குல அங்குலமாகக் கணக்குப் பார்த்தேன். அதைச் சுற்றி என்ன வெளிச்சம் இருக்கவேண்டும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அணைத்து வைத்த டி.வி. நல்ல கறுப்புக் கண்ணாடி. இருட்டியபின் அதை அணைத்துவிட்டு ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்து பார்த்தேன். திரைக்குள் எந்த விளக்கு தெரிகிறதோ அதுதான் குற்றவாளி. பின்சுவர் டியூப் லைட் எல்லா இருக்கையிலிருந்தும் தெரிந்தது. பக்கத்து அறை விளக்கு ஓர் இருக்கைக்கு மட்டும் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தது. கதவைச் சாத்தினேன், ஒரு பிரச்சினை செலவில்லாமல் தீர்ந்தது.

ஜூன் 9, திங்கள்

முழு இருட்டில் ஒரு படம் பார்த்தோம். முதல் அரைமணி நேரம் தியேட்டர் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளைக் காட்சியும் கண்ணில் அறைந்தது. இருட்டுக்கு விரிந்துகொண்ட கண்மணி திரை பளிச்சிடும்போதெல்லாம் சுருங்கவேண்டும். இன்னொன்றும் கவனித்தேன்: எங்களுடையது எல்.சி.டி., அதாவது உள்ளே எரியும் விளக்கின் வெளிச்சம் கறுப்பிலும் கொஞ்சம் கசியும் திரை என்பதால் கறுப்பு, இருட்டில் சாம்பலாகத் தெரிகிறது. திரைக்குப் பின்னால் சுவரில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் அதே சாம்பல் கண்ணுக்குக் கறுப்பாகிவிடும். ஆகவே வெளிச்சம் வேண்டும், ஆனால் அது திரைக்குப் பின்னால் இருக்கவேண்டும்.

ஜூன் 11, புதன்

வண்ணம் மாறும் எல்.இ.டி. ஸ்ட்ரிப் (குட்டி விளக்குகள் பதித்த நாடா) ஒன்றை வாங்கி வந்து டி.வி.யின் பின்னால் ஒட்டி, டி.வி.யின் யூ.எஸ்.பி. துளையிலேயே செருகினேன். மகளின் தேர்வு. ரிமோட்டில் பதினாறு நிறங்கள். ஊதா, பச்சை, சிவப்பு என்று சுவர் மாறி மாறி மின்னியது. மனைவி எட்டிப் பார்த்து, "கல்யாண மண்டபமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளைக்கு மாற்றினால் அது வெள்ளையே இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து செய்யும் வெள்ளை ஏதோ நீலம் பாரித்த நிறமாக இருந்தது. போதாததற்கு, மின்சாரம் நுழையும் முனை ஒரு நிறம், மறுமுனை சிவப்பேறிய இன்னொரு நிறம். 5 வோல்ட் ஸ்ட்ரிப்பில் செம்பு மெலிது. நீளம் கூடக்கூட வோல்டேஜ் குறைகிறது. நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பைவிட அதிக வோல்டேஜ் தேவை, எனவே அவைதான் முதலில் சோர்கின்றன.

ஜூன் 12, வியாழன்

இரவு ஸ்ட்ரிப் தானாக அணைந்து அணைந்து எரிந்தது. டி.வி.யின் பின்புறம் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், யூ.எஸ்.பி. துளையருகே பொடி எழுத்தில் 5 வோல்ட், 0.5 ஆம்பியர் என்று இருக்கிறது. அதாவது 2.5 வாட். ஸ்ட்ரிப்பின் பெட்டியில் 10 வாட். நான்கு மடங்கு சுமையை ஏற்றிவிட்டு, துளை முனகுகிறது என்று குறை சொல்கிறேன்.

வண்ண ஸ்ட்ரிப்பை மகள் தன் அலமாரிக்கு எடுத்துக்கொண்டாள். இரண்டு நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தானோ என்னவோ.

ஜூன் 14, சனி

இந்த முறை எண்களைப் படித்து வாங்கினேன். வெள்ளை மட்டும் தரும் ஸ்ட்ரிப், 6500 கெல்வின் (வெள்ளையின் சாயலைச் சொல்லும் எண்; கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்), சி.ஆர்.ஐ. 95. கூடவே 2 ஆம்பியர் தரும் தனி அடாப்டர், பிரகாசத்தைக் குறைக்க ஒரு சிறிய டிம்மர். படங்களின் வெள்ளை டி65 என்ற தரத்தை ஒட்டித்தான் சரிசெய்யப்படுகிறது. அது ஏறக்குறைய 6500 கெல்வின். பின்னணியும் அதே வெள்ளையாக இருந்தால்தான் கண் குழம்பாது. சி.ஆர்.ஐ. என்பது விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண், உச்சம் 100.

எங்கள் டி.வி. 55 அங்குலம்; அகலம் 122 சென்டிமீட்டர், உயரம் 68. விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, மேல்பக்கத்திலும் இரு பக்கவாட்டிலும் மட்டும் ஒட்டினேன். கீழே ஒட்டினால் மேசைப் பளபளப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும். தூசியைத் துடைக்காமல் ஒட்டியதால் ஒரு மூலை பத்து நிமிடத்தில் உரிந்து தொங்கியது. மறுபடி துடைத்து, மறுபடி ஒட்டி, முதுகு பிடித்துக்கொண்டது.

ஜூன் 15, ஞாயிறு

ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். 6500 என்று எழுதியிருந்த விளக்கு, திரைக்குப் பக்கத்தில் மஞ்சளாகத் தெரிந்தது. கடைக்குப் போன் செய்து கொஞ்சம் சத்தம் போட்டேன். மாலையில் மகள் டி.வி.யின் படத் தேர்வை (பிக்சர் மோட்) தோண்டிப் பார்த்தாள். வாங்கிய நாள் முதல் டி.வி. 'பளிச்' தேர்விலேயே இருந்திருக்கிறது. கடையின் வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிவதற்காகத் திரையை நீலமாக்கும் தேர்வு அது. 'சினிமா'வுக்கு மாற்றியதும் திரையும் சுவரும் ஒரே வெள்ளை. மஞ்சள் ஸ்ட்ரிப்பில் இல்லை. நீலம்தான் திரையில் இருந்தது. நாளை அந்தக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

ஜூன் 16, திங்கள்

கேட்டேன். சிரித்தார்.

ஜூன் 18, புதன்

திரையும் ஸ்ட்ரிப்பும் சரி, சுவர் சரியில்லை. சென்ற வருடம் மனைவி ஆசையாகத் தேர்ந்தெடுத்த இளம்பச்சை. வெள்ளை வெளிச்சம் அதில் பட்டுப் பச்சையாகத் திரும்புகிறது. பச்சை சூழ்ந்தால் கண் அதற்குப் பழகி, திரையில் உள்ள முகங்களை ரோஜா நிறமாகக் காட்டுகிறது. நான் இதைச் சொன்னபோது வீட்டில் நிலவிய அமைதியை எந்த டிம்மராலும் குறைக்கமுடியாது.

முடிவு: டி.வி.க்குப் பின்னால் மட்டும், அதைவிட ஒரு முழம் அகலமாக, மங்கிய சாம்பல் பூசலாம். மற்றச் சுவர்களைத் தொடக்கூடாது. தூரிகையையும் அவளே பிடிப்பாள்.

ஜூன் 22, ஞாயிறு

சாம்பல் காய்ந்துவிட்டது. முகங்களுக்கு உயிர் வந்திருக்கிறது. எவ்வளவு பிரகாசம் வைப்பது என்பதுதான் மிச்சம். திரையின் முழு வெள்ளையில் பத்தில் ஒரு பங்கு என்பது படத்துறையினர் வைத்திருக்கும் அளவு. திரையில் வெற்று வெள்ளைப் படத்தை வைத்து டிம்மரைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் தோன்றும் என்பதால், மிகவும் மங்கலாகும்வரை குறைக்கவும் கூடாது. படம் ஓடும்போது சுவர் நினைவுக்கே வரவில்லை என்றால் அளவு சரி என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

இனி அப்பா. கணக்குப் போட்டேன்: விளக்கும் பார்ப்பவரும் திரையிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால், கண்ணின் உயரத்துக்கும் விளக்கின் உயரத்துக்கும் நட்டநடுவில் பிம்பம் விழும். என் கண் 105 சென்டிமீட்டரில், திரையின் அடி விளிம்பு 95-இல். ஆக, பல்பு 85-க்குக் கீழே இருந்தால் திரைக்குள் வராது. பெருமையாக ஒரு குட்டை மேசை விளக்கை அப்பாவின் நாற்காலியருகே வைத்தேன். கணக்கு சரியாகவே இருந்தது.

"ஒரு பத்திக்குத்தான் வெளிச்சம் வருகிறது. அடுத்த பத்திக்கு யார் வருவார்?" என்றார் அப்பா.

ஜூன் 27, வெள்ளி

மகள் என் கணக்குத் தாளைப் பார்க்கவே இல்லை. நேராக டி.வி.யின் முன் போய், திரைக்கு முதுகைக் காட்டி நின்று அறையைப் பார்த்தாள். "இங்கிருந்து எனக்குப் பல்பு தெரியாவிட்டால் திரைக்கும் தெரியாது, அப்பா." தகரக் குடை போட்ட உயரமான விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து, குடையைக் கீழ்நோக்கித் திருப்பினோம். அவள் நின்ற இடத்திலிருந்து பல்பு மறையும்வரை சாய்த்தோம். 2700 கெல்வின், இதமான மஞ்சள். செய்தித்தாள் முழுக்க வெளிச்சம்.

ஜூன் 28, சனி

அந்தக் கிணற்றுப் படத்தையே மறுபடி போட்டோம். டியூப் லைட் இல்லை, நெற்றி இல்லை. கதாநாயகன் இறங்கினான், அடித்தளத்தைத் தொட்டான், எல்லாம் கறுப்பு. மகள் மட்டும் திரையின் இடது கீழ்மூலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பிரித்துப் பிடித்திருந்த செய்தித்தாள், விளக்கு வெளிச்சம் ஊடுருவி, அந்த மூலையில் மெல்லத் தெரிந்தது. கடைசிப் பக்கத் தலைப்பை அவள் வலமிருந்து இடமாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது கதாநாயகன் அலறினான். இந்த முறையும் எதற்கென்று நாங்கள் பார்க்கவில்லை.