இரட்டை எஞ்சின் சீபிளேன் ரேட்டிங்: பாடம் தண்ணீரில்தான் இருக்கிறது

தரையில் இறங்கும் இரட்டை எஞ்சின் விமானத்துக்கும் ஒற்றை எஞ்சின் சீபிளேனுக்கும் (தண்ணீரில் இறங்கி எழும் விமானம்) ஏற்கெனவே ரேட்டிங் (அந்த வகையை ஓட்டும் தகுதி) வைத்திருப்பவருக்கு, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் விதிப்படி அதே நிலை உரிமத்தில் இரட்டை எஞ்சின் சீபிளேன் ரேட்டிங்கைச் சேர்ப்பது ஏட்டளவில் எளிது. தனி எழுத்துத் தேர்வு இல்லை, குறைந்தபட்சப் பயிற்சி மணிக்கணக்கும் இல்லை. பயிற்றுநரின் ஒப்புதலும் செய்முறைத் தேர்வும் போதும். அதனாலேயே பயிற்சியை அவசரமாக முடிக்கப் பார்க்கிறார்கள். அது தவறு என்பது என் உறுதியான கருத்து.

மிதவை விமானத்தில் பிரேக் கிடையாது. எஞ்சின் ஓடத் தொடங்கிய கணமே விமானம் நகரும். இடது எஞ்சின் மட்டும் ஓடினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். ஆகவே எந்தப் பக்கம் திறந்த நீர் இருக்கிறது என்று பார்த்த பிறகே முதலில் எதை ஸ்டார்ட் செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். வானில் நாம் அஞ்சும் சமமற்ற இழுவிசைதான் இங்கே நமக்குச் சுக்கான். காற்று பலமாக அடிக்கும்போது மிதவைகளின் பின்முனையில் இருக்கும் நீர்ச் சுக்கான்கள் மட்டும் மூக்கைத் திருப்பப் போதாது. காற்று வரும் திசையிலிருந்து மூக்கை விலக்கித் திருப்ப, திருப்பத்தின் வெளிப்பக்க எஞ்சினுக்குக் கூடுதல் பவர் கொடுங்கள்.

புறப்படும்போது நீர்ச் சுக்கான்கள் மேலே, யோக் (விமானியின் கட்டுப்பாட்டுப் பிடி) முழுவதும் பின்னால். இரண்டு புரொப்பெல்லரும் பின்னாலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் சுற்றும் விமானங்களில் மூக்கு இடப்பக்கம் ஓடும். ரடர் (வால் சுக்கான்) பிடிக்கும்வரை இடது த்ராட்டிலை (எஞ்சின் பவர் நெம்புகோல்) சற்று முன்னே வைத்தால் நேராகப் போகும். ஸ்டெப்பில் ஏறியதும், அதாவது மிதவைகள் நீர்மேல் வழுக்கி ஓடத் தொடங்கியதும், மூக்கு மேலும் கீழும் ஆடத் தொடங்கினால், ஆட்டத்தைத் துரத்திப் பிடிக்கப் பார்க்காதீர்கள். இலேசான பின்னிழுப்பில் அடங்காவிட்டால் பவரைக் குறைத்து, யோக்கை முழுவதும் இழுத்து, விமானத்தைத் தண்ணீரில் அமர விடுங்கள்.

அடுத்தது விஎம்சி. ஒரு எஞ்சின் நின்றாலும் திசையைக் காக்க முடிகிற குறைந்தபட்ச வேகம் அது. விமானம் அதற்கு முன்பே தண்ணீரை விட்டு எழக்கூடும். அப்படி எழுந்தால் ஏறாதீர்கள். நீர்ப்பரப்பை ஒட்டியே பறந்து வேகம் சேருங்கள். அந்த இடைவெளியில் ஒரு எஞ்சின் நின்றால் இரண்டு த்ராட்டிலையும் மூடி நேரே முன்னால் இறங்குவதுதான் வழி. மிதவைகள் தரும் காற்றுத் தடையால் பல சிறிய விமானங்கள் ஒரு எஞ்சினில் உயரம் ஏறவே ஏறாது.

சக்கரமும் உள்ள விமானமானால், ஒவ்வொரு முறையும் "தண்ணீரில் இறங்குகிறோம், சக்கரம் மேலே" என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபாருங்கள். சக்கரம் இறங்கிய நிலையில் தண்ணீரைத் தொட்டால் விமானம் கவிழும்.

கண்ணாடி போன்ற அசைவற்ற நீரில் உயரம் கண்ணுக்குத் தெரியாது. கரையை ஒட்டி வந்து, மூக்கைச் சற்று உயர்த்தி, நிமிடத்துக்கு 150 அடி இறக்கத்தில் நீரைத் தொடும்வரை பவரோடு வர வேண்டும். ஒரு எஞ்சினில் இதைச் செய்யும்போது பவரைத் தொட்டாலே மூக்கு விலகும். எனவே பவரையும் ரடரையும் முன்கூட்டியே நிலைப்படுத்திக்கொண்டு, நீளமான நீர்ப்பரப்பைத் தேர்ந்தெடுங்கள்.

இறங்கிய பிறகும் வேலை முடியாது. வலது எஞ்சின் செத்திருந்தால் விமானம் வலப்பக்கம் எளிதாகத் திரும்பும், இடப்பக்கம் திரும்ப மறுக்கும். இடப்பக்கம் போக 270 டிகிரி வலமாகச் சுற்ற வேண்டிவரலாம். காற்று அதையும் விடாவிட்டால், ஓடும் எஞ்சினை நிறுத்தி, நீர்ச் சுக்கான்களைத் தூக்கிவிட்டு, காற்றின் போக்கில் பின்புறமாக மிதந்தே கரை சேரலாம். இறங்கும் இடத்தைத் தேர்வு செய்யும்போதே கரை எந்தப் பக்கம், காற்று எங்கே தள்ளும் என்று பார்த்து வையுங்கள்.