ஹோம் என்றால் வீடு மட்டுமில்லை

'ட்ரைவ் த பாயின்ட் ஹோம்' என்பதை வண்டியோட்டி வீடு போவதாக எடுத்துக்கொண்டால் பொருள் கெட்டுவிடும். ஆணியைச் சுத்தியலால் அடிக்கிறோம். தலை மரத்தோடு மரமாக அமர்ந்ததும் நிறுத்துகிறோம். ஆணி போய்ச் சேரவேண்டிய அந்தக் கடைசி இடத்துக்கும் ஆங்கிலத்தில் ஹோம் என்றுதான் பெயர். ஒரு கருத்தும் அப்படி ஆழமாக இறங்கவேண்டும். நம்முடைய 'பசுமரத்தாணி போல' சட்டென்று நினைவுக்கு வந்தது, சிலிர்த்துவிட்டது!

'ஹோம் ட்ரூத்' என்பது ஒருவரைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே சொல்லும் கசப்பான உண்மை.

அப்புறம் 'நத்திங் டு ரைட் ஹோம் அபவுட்'. வீட்டுக்குக் கடிதம் போட்டுச் சொல்லும் அளவுக்கு ஒன்றுமில்லை, சுமார்தான் என்று பொருள். கடிதம் எழுதுவதே அருகிப்போன பிறகும் இந்தத் தொடர் பிழைத்திருப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.