ஒப்பரேஷனுக்குப் பிறகு காமாலையா? எந்த வாயு கொடுத்தார்கள் என்று கேளுங்கள்

கண்டியிலோ பதுளையிலோ ஒப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாளே லயத்துக்குத் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) திரும்பிவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்தால் தோட்டத்து டிஸ்பென்சரியில் பெனடோல். கண் மஞ்சளானால் தண்ணீர்தான் காரணம் என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள். அந்த ஊகம் பல வேளை சரியாகவும் இருக்கும். ஆனால் சுவாசிக்கும் மயக்க மருந்துகளில் சில, அரிதாக ஈரலைத் தாக்கிக் காமாலையை உண்டாக்கும். அப்படியொன்று கொடுத்திருந்தால், அது எது என்று விசாரிக்காமல் விடக்கூடாது.

இதில் பேர்போனது 1956இல் பாவனைக்கு வந்த ஹலோதேன். உள்ளே போனதில் ஏறத்தாழ 20 சதவீதத்தை ஈரல் உடைக்கிறது. அப்போது உண்டாகும் டிரைஃபுளூரோஅசெட்டைல் என்ற துண்டு ஈரலின் சொந்தப் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். உடலின் எதிர்ப்புச் சக்தி அந்தப் புரதத்தை அந்நியமாக எண்ணித் தாக்கும். முதல் முறை அடையாளம் பிடித்துக்கொண்டால், அடுத்த முறை தாக்குதல் வேகமாகவும் கடுமையாகவும் வரும். காய்ச்சலும் மூன்று நான்கு நாளிலேயே தொடங்கிவிடும். ஹலோதேன் பெற்ற பெரியவர்களில் 10,000 முதல் 35,000 பேருக்கு ஒருவருக்குத்தான் இந்தக் கடுமையான ஈரல் பாதிப்பு வருகிறது. வந்தால் பாதிக்கு மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். நடுத்தர வயதுப் பெண்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் ஆபத்து கூட.

இதே வகை மயக்க வாயுக்களில், ஐசோஃபுளூரேனில் உடைவது 0.2 சதவீதம், டெஸ்ஃபுளூரேனில் 0.02. இவற்றால் ஈரல் பாதிப்பு மிக அரிது, ஆனாலும் உண்டாவது அதே துண்டுதான். செவோஃபுளூரேன் அவற்றைவிட அதிகமாக, 2 முதல் 5 சதவீதம் வரை உடைகிறது; என்றாலும் அந்தத் துண்டு அதில் உண்டாவதே இல்லை.

இதை உறுதிசெய்யத் தனி இரத்தப் பரிசோதனை ஒன்றை வார்டில் எடுக்க முடியாது. வைரஸ் காமாலை, எலிக்காய்ச்சல், பித்தக்குழாய் அடைப்பு, காசநோய் மாத்திரை, அண்டிபயோட்டிக் என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கவேண்டும். ஈரல் சேதத்தைக் காட்டும் எஸ்ஜிபிடி என்ற இரத்த அளவு ஆயிரக்கணக்கில் ஏறலாம். அதைவிட முக்கியம், இரத்தம் உறைவது எவ்வளவு தாமதிக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர். அது ஏறினாலோ, நோயாளி பேச்சுத் தடுமாறி அரைத்தூக்கத்தில் கிடந்தாலோ ஒரு இரவுகூடத் தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். முறிமருந்து கிடையாது. கஷாயமும் கூடுதல் பெனடோலும் அடிபட்ட ஈரலுக்கு இன்னொரு அடி.

டயக்னோசிஸ் கார்டில் "மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று மட்டும் எழுதினால் போதாது. வாயுவின் பெயர், திகதி, எத்தனையாம் நாள் காய்ச்சல் வந்தது, எஸ்ஜிபிடி எவ்வளவு ஏறியது, எல்லாம் வேண்டும். கேட்டு எழுதி வாங்குங்கள், பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். அடுத்த ஒப்பரேஷனில் முதுகில் ஊசி போட்டோ, நரம்பு வழியே புரொபோஃபோல் கொடுத்தோ சமாளிக்கலாம். மயக்க மெஷினிலிருந்து வேப்பரைசரை (மருந்தை ஆவியாக்கும் பாகத்தை) கழற்றி, ஒட்சிசன் ஓடவிட்டுக் கழுவவும் மயக்க மருந்து டாக்டர்களுக்கு நேரம் தேவை. ஆகவே கார்டைத் தியேட்டர் வாசலில் அல்ல, முதல் கிளினிக்கிலேயே காட்டுங்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒப்பரேஷன் வந்தால் அதே கார்டின் பிரதியைக் கொடுத்தனுப்புங்கள்.